முழுக் கடலும் தெரிகிற தூரம்

அத்தியாயம் 11

சிலுவைமுத்து அண்ணாச்சியின் கட்டில் கூடத்திலிருந்து வாசல் நடைக்கு வந்ததை எங்கள் வளவில் முதலில் பார்த்தது நான்தான் என்றால், 'இதில் என்ன அதிசயம், சுடலைவடிவு பார்க்காமல் அங்கே எது நகர்ந்திருக்கிறது' என்பீர்கள். குற்றம் என்னுடையதல்ல. திருநெல்வேலிப் பேட்டையில் இந்த வளவைக் கட்டிய புண்ணியவான், ஒரு முற்றத்தைச் சுற்றி வீடுகளை எதிரும் புதிருமாக வைத்துவிட்டுப் போய்விட்டார். என் அடுக்களைச் சன்னலைத் திறந்தால் நேரே அவர்கள் கூடம். கண்ணை மூடிக்கொண்டா தாளிக்க முடியும்?

கட்டில் ஏன் நகர்ந்தது என்று போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக ஒரு வாய் சொல்லிவிடுகிறேன்.

கூடங்குளம் பக்கத்துக் கடற்கரையில் விசைப்படகு ஓட்டியவர் அண்ணாச்சி. நெஞ்சில் ஆபரேஷன் ஆனபிறகு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிட்டே இருக்கட்டும் என்று மனைவி ஃபிளோரா மைனியோடு இங்கே குடிவந்தார். ஒரே மகன் அலெக்ஸுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. மருமகள் ரெனிஷா சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். தொழிற்சாலைகளில் எந்தக் குழாய் எங்கே வளைந்து எங்கே போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலை.

கம்பெனி இந்த மாதம் ஒரு குண்டைப் போட்டது. ஜனவரியிலிருந்து எல்லாரும் சென்னைக்கு வந்துவிட வேண்டும். வீட்டிலிருந்துதான் பார்ப்பேன் என்கிறவர்கள், இரண்டு வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துச் சரிபார்க்கிற வசதியைச் செய்துகொண்டு பதில் சொல்ல வேண்டும்.

அதற்காக ரெனிஷா வரவழைத்ததுதான் அந்தத் திரை.

வெறுமனே திரை என்றால் உங்களுக்கு அளவு பிடிபடாது. வாசல் நிலையைக் கழற்றிப் படுக்கப் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. இரண்டு ஓரமும் நம்மைக் கட்டிக்கொள்ள வருவதுபோல் லேசாக வளைந்திருக்கும். அது வந்ததும் பழைய மேசை போதவில்லை, பெரிய மேசை வந்தது. பெரிய மேசை கூடத்தின் பின்சன்னலை ஒட்டி உட்கார்ந்ததும் கட்டில் நின்ற இடம் போய்விட்டது. அண்ணாச்சி யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கட்டிலைத் தன்னந்தனியாக இழுத்து, கம்பி அழி போட்ட நடையில் போட்டுக்கொண்டார். ஆபரேஷன் ஆன மனிதர் கட்டில் இழுக்கிற சத்தம் கேட்டு ஓடிவந்த ரெனிஷாவின் முகத்தோடுதான் போன வாரம் முடித்திருந்தேன்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி வாயைத் திறந்தால் அந்தத் திரைக்கு ஒரு குறை.

"ரெண்டு கண்ணு வச்சிருக்கவன் இத எப்படிப் பாப்பான்? நாலு கண்ணுல்லா வேணும்."

"கரண்டு போனா இன்வெர்ட்டரு ஊளையிடுது. ஃபேன் சுத்தணுமா, இது எரியணுமான்னு அதுக்கே கொழப்பம்."

ஞாயிற்றுக்கிழமை மழையில் கோயிலுக்குப் போக முடியாமல் பூசையை அதில் போட்டார்கள். படம் நடுவில் சின்னதாக நின்றது, இரண்டு பக்கமும் கருப்பு. திரை முழுக்க வரட்டும் என்று மைனி எதையோ தட்ட, சாமியார் தவிலுக்குக் கைகால் முளைத்த மாதிரி அகண்டுபோனார்.

"போன வாரங்கூட ஒல்லியாத்தான இருந்தாரு? பங்குல என்ன கவனிப்பு குடுக்குதானுவ?" என்றார் அண்ணாச்சி.

வளவே சிரித்தது. ரெனிஷா மட்டும் சிரிக்கவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு குறையும் தன்னைச் சொன்னது என்று அவள் எடுத்துக்கொண்டாள். பத்தாததற்கு ராத்திரி பூராவும் மழை. இன்று காலையில் அண்ணாச்சி படுக்கை விரிப்பின் ஓரத்தைப் பிழிந்துகொண்டிருந்தார். அவள் காபி டம்ளரோடு கதவருகே நின்று அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் அலெக்ஸ் கூப்பிட்டான். செல்போனை நெடுக்காக நிமிர்த்திப் பிடித்திருந்தான் போல. அவ்வளவு பெரிய திரையில் அவனுக்குக் கிடைத்தது நடுவில் ஒரு சந்து.

"எம் மவன ரெண்டு கருப்புச் செவத்துக்கு நடுவுல நிறுத்திருக்கு பாரு," என்றாள் ஃபிளோரா மைனி.

"இத இன்னிக்குச் சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போயிருவாங்க," என்றாள் ரெனிஷா. திருப்பிக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

"ஏன்? ஆசையாத்தான வாங்குன?" என்றான் அலெக்ஸ்.

"ஆசையாத்தான் வாங்கினேன். வேலைக்கு நல்லாத்தான் இருக்கு. முன்னாடி ஒரு படத்த மூடிட்டு இன்னொண்ணத் தொறந்து, எந்தக் குழா எங்க நின்னுச்சுன்னு நெனப்புலயே வச்சுட்டுப் பாப்பேன். இதுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கெடக்கு. இந்த மூலையில புடிச்ச குழாய அந்த மூல வரைக்கும் கண்ணாலயே ஓட்டிட்டுப் போயிரலாம். நகட்டவே வேண்டாம்."

"பொறவு என்ன?"

"அகலம் இருக்கு, கூர்மை இல்ல. சின்ன எழுத்தெல்லாம் ஓரம் பிசிறடிக்கி. ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் பாக்கதுக்குள்ள கழுத்து புடிச்சிருது. வாசல் வெளிச்சம் அடிச்சா படத்துக்குப் பதிலா எம் மொகந்தான் தெரியுது. வேகமா டைப் அடிச்சா மேசையோட சேந்து ஆடுது."

"ஆடாது," என்றது நடையிலிருந்து ஒரு குரல். "அதான் நேத்தே கட்டிட்டம்லா."

கட்டியிருந்தார். திரையின் காலைப் பின்சன்னல் கம்பியோடு சேர்த்து, பச்சை நைலான் கயிற்றால், புயல் வருகிறது என்றால் படகை எப்படிக் கட்டுவார்களோ அப்படி. அந்தத் திரை இனி திருநெல்வேலியை விட்டு நகர வேண்டுமென்றால் சன்னலோடுதான் நகர வேண்டும்.

"அப்பா, நீங்க என்ன சொல்லுதிய?" என்று கேட்டான் அலெக்ஸ்.

"நான் என்னத்தச் சொல்ல? கொண்டு போனா போவட்டும். எடத்த அடைக்கி."

பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது. ரெனிஷா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் பழைய லேப்டாப்புலயே சமாளிச்சுக்கிடுதேன்," என்றாள்.

மைனி மகனிடம் வேறு கேள்வி கேட்டாள். "கிறிஸ்மஸுக்கு வருவியாலே?"

"எங்கம்மா? கொழும்பத் தொட்டுட்டு நேரா சிங்கப்பூர். பொங்கல் தாண்டித்தான் எறக்கி விடுவாங்க."

சந்து மூடிக்கொண்டது. திரை முழுக்கக் கருப்பானது.

உச்சிப்பொழுதில் நான் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தேன். தற்செயலாக நிமிர்ந்தேன். எதிர்வீட்டுத் திரை முழுக்க ஓர் அடுக்களை.

வெள்ளை டைல்ஸ், புகைபோக்கி, பளபளவென்று குழாய். கொஞ்ச நேரத்தில் இன்னோர் அடுக்களை. அப்புறம் துணி காயப்போடுகிற பால்கனி. அப்புறம் ஒரு சின்ன அறை, அதில் ஒற்றைக் கட்டில். படத்தின் கீழே முழத்துக்கு ஓர் எழுத்தாக வேளச்சேரி என்று போட்டிருந்தது.

நீங்களே சொல்லுங்கள். பேட்டையில் இருக்கிற பெண்ணுக்கு வேளச்சேரியில் அடுக்களை எதற்கு?

பழைய லேப்டாப்பில் சமாளிப்பதாகச் சொன்னவள் சென்னைக்குப் போக வீடு பார்க்கிறாள். கம்பெனிக்கு இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். திரை போனால் அவளும் போவாள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

சொதி ஒரு கொதி வந்ததும் இறக்கி, ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன். மைனி துவைகல்லருகே உட்கார்ந்து சாளை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மைனி, ஒண்ணு சொல்லுதேன். தப்பா எடுக்காண்டாம்."

"நீ இப்படி ஆரம்பிச்சா தப்பாத்தான் இருக்கும். சொல்லு."

சொன்னேன். மைனியின் கை மீனில் அப்படியே நின்றது.

"எத்தன அடுக்கள பாத்தா?"

"நான் பாக்கையில மூணு."

"ஒண்ணுன்னா சும்மா பாத்திருக்கான்னு வைக்கலாம். மூணுன்னா முடிவு பண்ணிட்டா."

"அண்ணாச்சி வாரம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா எந்தப் புள்ள மைனி இருப்பா?"

"அந்த மூஞ்சி பொறந்ததுல இருந்தே அப்படித்தாம்ளா. கல்யாண போட்டாவப் பாரு, என்னமோ படகு கவுந்த மாதிரி நிப்பாரு." மைனி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "இவருக்கு நெஞ்சத் தொறந்தப்ப கையெழுத்துப் போட்டது யாரு? அவ. ஆஸ்பத்திரி வராந்தாவுல பாய் விரிச்சுக் கெடந்தது யாரு? அவ. எம் மவன் அப்ப எந்தக் கடல்ல கெடந்தானோ. பெத்த மவ இருந்தா இப்படிச் செய்வாளான்னு நான் செபமாலை சொல்லும்போதெல்லாம் நெனப்பேன். அவள ஒத்தக் கட்டில்ல படுக்க விட்டுட்டு நான் இங்கன என்னத்தத் திங்க?"

"அதை அவகிட்டயே சொல்லிருங்களேன்."

"சொன்னா இருந்துருவா. அதான் பயம்." மைனி குரலைத் தாழ்த்தினாள். "எனக்காக வேலைய விட்டுட்டு இருந்துருவா. அது நன்றிகெட்டதனம்லா? அவ வேலையும் போவக் கூடாது, அவளும் போவக் கூடாது."

அப்படியானால் போகாமல் இருக்க வேண்டியது எது என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. மைனி தலையைத் தூக்கி உள்ளே பரணைப் பார்த்தாள். திரை வந்த அட்டைப்பெட்டி அங்கேதான் இருந்தது.

"சொதி நல்லா வாசனையா இருக்கு," என்றாள். "கிண்ணத்தச் சாயங்காலம் வந்து வாங்கிக்க."

மதியச் சாப்பாடு முடிந்ததும், பெட்டியை ஒட்ட டேப் வாங்கி வருகிறேன் என்று ரெனிஷா குடையோடு கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள். எதிர்வீட்டிலிருந்து ஒரு சத்தம். தெர்மாகோல் அறுக்கிற சத்தம் இருக்கிறதே, அது நம் பல்லில் வைத்து அறுக்கிற மாதிரி.

எட்டிப் பார்த்தேன். மைனி கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீன் ஆய்கிற கத்தியால் தெர்மாகோலைக் குகையாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

இதை நீங்கள் புதிதாகப் பார்க்கலாம். எங்கள் வளவில் யாருக்கும் புதிதல்ல. ஃபிளோரா மைனி எந்தச் சாமான் வாங்கினாலும் சாமானைவிட அதன் தெர்மாகோலைத்தான் பத்திரமாக எடுத்து வைப்பாள். எல்லாம் கிறிஸ்மஸ் குடிலுக்கு. ஃபிரிட்ஜ் வந்த வருஷம் பெத்லகேம் மலை இரண்டு அடுக்கு உயர்ந்தது. வாஷிங் மெஷின் வந்த வருஷம் ஏரோதுக்கு அரண்மனையே கிடைத்தது. மிக்ஸி வந்த வருஷம்தான் பாவம், ஒட்டகத்துக்கு ஒரு தொட்டி மட்டும்.

"என்ன மைனி, இன்னிக்கே ஆரம்பிச்சாச்சு?" என்று சன்னல் வழியாகக் கேட்டேன்.

"டிசம்பர் வந்துட்டுல்லா. கொழந்தை பொறக்க எடம் வேணாமா?" முகத்தில் அப்படி ஒரு பச்சைப்பிள்ளைத்தனம்.

டேப்போடு திரும்பி வந்த ரெனிஷா கதவருகிலேயே நின்றுவிட்டாள். கூடம் முழுக்க வெள்ளை வெள்ளையாக மணி சிதறிக் கிடந்தது. குகைக்குப் பழுப்புச் சாயமும் அடித்தாகிவிட்டது.

"மாமி, இது திரைக்கு வந்த தெர்மாகோல்லா!"

"ஐயையோ. இது வேணுமா?"

"இது இல்லாம எடுக்க மாட்டாங்களே!"

"நான் என்னத்தக் கண்டேன் மக்கா. வருசா வருசம் செய்யுததுதான."

அண்ணாச்சி நடையிலிருந்து ஒரு பார்வை பார்த்தார், மனைவியை. கட்டில் காலுக்குக் கீழே நனைந்த சாக்கை மடித்துச் செருகிக்கொண்டிருந்தார்.

நாலு மணி வாக்கில் வேன் வந்தது. வந்தவர் மணிராஜ், இந்தப் பக்கத்துக்கெல்லாம் அவர்தான் பார்சல் கொண்டுவருபவர், கொண்டுபோகிறவர். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"தெர்மாகோல் எங்கக்கா?"

ரெனிஷா குகையைக் காட்டினாள்.

மணிராஜ் குகையைப் பார்த்தார். குகைக்குள் ஏற்கெனவே ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது.

"தெர்மாகோல் இல்லாம எடுக்கக் கூடாதே. வழியில ஒடஞ்சா என் தலையிலல்லா விழும்."

மைனியின் முகம் மலர்ந்தது. மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்திருப்பாள் என்று நினைக்கிறேன். ஆனால் மணிராஜ் நல்ல மனிதர். நல்ல மனிதர்களால் சில நேரம் வருகிற தொல்லை கொஞ்சமல்ல.

"பொறுங்க. கடைசி நாளுன்னு வேற சொல்லுதிய. வண்டியில வேற டிவி பெட்டியோட தெர்மாகோல் கெடக்கு. சேத்துவச்சு அடச்சுப் பாப்போம்," என்று மழையில் ஓடிப்போய் எடுத்தும் வந்துவிட்டார். மைனியின் முகம் அணைந்தது.

கிண்ணம் வாங்க வேண்டிய நேரம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. போய் நடையில் நின்றுகொண்டேன்.

"அண்ணாச்சி, இந்தக் கயித்த அவுத்து விடுங்க," என்றார் மணிராஜ். அவரே முயன்று பார்த்திருந்தார். இழுக்க இழுக்க முடிச்சு இறுகியதுதான் மிச்சம்.

அண்ணாச்சி எழுந்து பைய நடந்து போனார். கயிற்றில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை, அவிழ்க்கவும் இல்லை.

"மாமா?" என்றாள் ரெனிஷா.

"அவுக்கணுமா?"

"அவுத்தாத்தான மாமா கொண்டு போவாங்க. நீங்கதான சொன்னிய, எடத்த அடைக்கின்னு."

"அடைக்கத்தான் செய்யுது."

"பொறவு என்ன?" அவள் குரல் உடைந்துவிட்டது. "காலையில பெட்ஷீட்டப் பிழிஞ்சிய, நான் பாத்தேன். மழை பூரா உங்க கட்டில்லதான் அடிக்கி. நெஞ்சக் கீறித் தச்ச ஒடம்பு. நான் இந்தச் சனியன வாங்கலைன்னா நீங்க உள்ள படுத்திருப்பிய. எனக்கு ராத்திரி ஒறக்கமே வரல மாமா."

"உள்ள எடம் இருக்கு," என்றார் அண்ணாச்சி.

"எங்க இருக்கு?"

"அந்தச் செவத்தோரமா நெட்டுக்குப் போட்டா கட்டில் கொள்ளும். அன்னிக்கே அளந்து பாத்துட்டேன்."

எல்லாரும் சுவரோரத்தைப் பார்த்தோம். கொள்ளும்தான்.

"அப்பொறம் ஏன் நடையில போட்டிய?"

அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். மணிராஜைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நான் கிண்ணத்தைப் பார்த்தேன். வேறு வழியில்லை என்று ஆன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கிட்ட இருந்தா கடல் தெரியல."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"சாயங்காலம் வேல முடிஞ்சா, உங்க மாமி பாக்கட்டும்னு அலெக்ஸ் கப்பல் போற படத்தத் தொறந்து வச்சுட்டுப் போவேல்லா? அவ ஒரு நிமிசம் பாத்து சிலுவ போட்டுட்டுக் குசினிக்குப் போயிருவா. நான் பாப்பேன்." கயிற்றை விரலால் நீவிக்கொண்டே பேசினார். "போன்ல பாத்தா கடல் ஒரு சொட்டு, கப்பல் அதுல ஒரு எறும்பு. எந்தப் பக்கம் கரை, எவ்வளவு தண்ணி தாண்டணும், ஒண்ணும் மட்டுப்படாது. இதுல மேற்க சூயஸ்ல இருந்து கெழக்க மலாக்கா வரைக்கும் ஒரே விரிப்பா கெடக்கு. பய எங்கன நிக்கான்னு தெரியுது. ஆனா உள்ள கட்டில்ல கெடந்தா ரொம்பக் கிட்ட. ஒரு ஓரத்தப் பாத்தா மறு ஓரம் தெரியல, கண்ணு கூசுது. அந்த நடையில இருந்தாத்தான் முழுக் கடலும் தெரியுது. அதான் அங்கன போட்டேன்."

சாயங்காலமானால் அந்தத் திரை ஆள் இல்லாமல் நீலமாக எரிந்துகொண்டிருக்கும். அணைக்க மறந்துவிட்டு இந்தப் பெண் கரண்டை வீணாக்குகிறாள் என்று நான் நான்கு வீட்டில் சொல்லியிருந்தேன்.

முதலில் பேச்சு வந்தது மைனிக்குத்தான். "அப்போ எதுக்குய்யா வாரம் பூரா அதக் கொற சொன்னிய?"

"கொற இருக்கே. சொல்லாண்டாமா?" அண்ணாச்சிக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "ஒரு படகு வாங்கப் போனா என்ன செய்வோம்? எங்கன ஒழுகும், எந்தக் காத்துல சாயும், எஞ்சின் எப்பம் எளைக்கும், எல்லாத்தயும் கடக்கரையில வச்சே சத்தமாப் பேசித் தீத்துட்டுத்தான் தண்ணியில எறக்குவோம். நம்ம படகா வச்சுக்கிடப் போறதத்தான் கொற சொல்லுவோம். வேண்டாத படகப் பத்தி எவன் வாயத் தொறப்பான்?"

ரெனிஷா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "இத முதல்லயே சொல்லப்படாதா மாமா?"

"நீ கொண்டு போகச் சொன்னே. ஒனக்கே புடிக்கலபோலன்னு நெனச்சேன். ஒஞ் சாமான், நான் எப்படித் தடுக்க?"

"வேளச்சேரி அடுக்கள மட்டும் புடிச்சிருந்துச்சோ?" என்றாள் மைனி பட்டென்று.

ரெனிஷா மாமியைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி, வாசல், முற்றம், அதற்கு அப்பால் என் அடுக்களைச் சன்னல் என்று வரிசையாகப் பார்த்து, கடைசியில் என்னிடம் வந்து நின்றாள்.

"வடிவக்கா."

"நான் தேங்காப்பால் புழிஞ்சுட்டு இருந்தேன் தாயி."

"எழுத்து பிசிறடிக்கி, கழுத்து வலிக்கிங்கறதெல்லாம் ஒண்ணுமே இல்ல மாமி," என்றாள் ரெனிஷா. "இதுல இருக்க பெரிய கொற, என் முதுகுக்குப் பின்னால வளவே நின்னு படிக்கிது."

"அந்தக் கொற மட்டும் இல்லைன்னா நீ இந்நேரம் சொல்லாமப் பெட்டி கட்டிருப்ப," என்றாள் மைனி. சாயம் படிந்த கையால் மருமகளின் கன்னத்தைத் தொட்டாள். பழுப்பாக ஓர் அடையாளம் விழுந்தது. "மூணு அடுக்கள பாத்தியே, மூணுலயும் எனக்கு ஒரு எடம் இருந்துச்சாளா?"

ரெனிஷா மாமியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மணிராஜ் கையில் தெர்மாகோலோடு நின்றுகொண்டிருந்தார். "அப்போ ரிட்டர்ன் இல்லன்னு போட்டுருதேன்," என்றார். போகிற போக்கில் திரையைத் தட்டிப் பார்த்தார். "கிரிக்கெட் பாக்க அருமையா இருக்கும், என்ன அண்ணாச்சி?"

"பாக்கலாம். ரெண்டு பக்கமும் கருப்படிக்குமோ என்னமோ," என்றார் அண்ணாச்சி.

டீ குடித்துவிட்டுத்தான் அவரை விட்டார்கள். வண்டியில் கிடந்த தெர்மாகோலையும் மைனி விடவில்லை. இந்த வருஷம் குடிலில் மூன்று ஞானிகளுக்கும் ஒரு சத்திரம் கிடைக்கும் போலிருக்கிறது.

பொழுது சாயும் முன் ரெனிஷா கம்பெனிக்குப் பதில் போட்டாள், வீட்டிலிருந்தே பார்க்கிறேன், வசதி செய்துகொண்டேன் என்று. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அனுப்பியதும் இரண்டு கைகளையும் கூப்பி ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மாமனாரும் மருமகளுமாக நடையின் அழியில் ஒரு தார்ப்பாயைக் கட்டினார்கள். கட்டில் நடையிலேயே நின்றது, நனையாமல்.

அவர்கள் குசினியில் சாளை பொரிக்கிற வாசனை முற்றம் தாண்டி வந்தது. திரை நீலமாகக் கிடந்தது. இன்று நான் கரண்டைப் பற்றி நினைக்கவில்லை.

அண்ணாச்சி கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுந்து திரையருகே போனார். மவுஸை நகர்த்தி, கப்பலைக் காட்டும் அம்புக்குறியை அழுத்தினார். கடல் விரிந்தது, எழுத்துகள் பெரிதாயின. ஓர் ஆயுள் முழுக்கப் படகு லைசென்ஸில் படித்துப் பழகிய இங்கிலீஷ் எழுத்துகள் அவை. உதடுகள் ஒவ்வொன்றாகக் கூட்டின.

எனக்கும் தெரிந்தது. இந்தத் திரையின் நன்மைகளில் அதுவும் ஒன்று.

கப்பல் போகிற துறைமுகம் என்ற இடத்தில் கொழும்பு இல்லை, தூத்துக்குடி என்று இருந்தது.

காலையில்தானே சிங்கப்பூர் என்றான் அந்தப் பையன்? பொங்கலுக்குப் பிறகு என்றானே?

அண்ணாச்சி குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே மாமியும் மருமகளும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கூப்பிடவில்லை. கடலைப் பழையபடி சுருக்கி, எழுத்துகள் யாருக்கும் தெரியாத அளவுக்குச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினார்.

திரும்பியவர் நேராக என் சன்னலைப் பார்த்தார். விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்தார்.

நான் சன்னலைச் சாத்தினேன். சன்னலைச் சாத்திவிட்டேன், சரி. வாயை எத்தனை நாள் சாத்தி வைக்க முடியும் என்பதுதான் தெரியவில்லை.